ஊசி சொல்லும் 'இல்லை'

கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, இரண்டே மாதத்தில் எட்டு கிலோ இளைத்துப்போன ஒருவருக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். கணையத்தின் தலைப்பகுதியில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிகிறது. வாய்வழியாகக் குழாய் விட்டு, அதன் வழியே ஊசி செலுத்தி, திசு எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். ஒரு வாரம் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு ரிப்போர்ட் வருகிறது: 'புற்றுநோய் செல்கள் காணப்படவில்லை.' எல்லோருக்கும் போன உயிர் திரும்புகிறது. டாக்டர் மட்டும் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "இன்னொரு தடவை ஊசி போட்டுப் பாத்துடலாம்" என்கிறார்.

எதற்கு? முதல் முறை சரியாகச் செய்யவில்லையா? ரிப்போர்ட்டை அவரே நம்பவில்லை என்றால் அந்தச் சோதனையை எதற்குச் செய்தார்? இப்படிக் கேட்காத குடும்பம் இருக்காது. கேட்பதில் நியாயமும் இருக்கிறது. 'புற்றுநோய் இருக்கிறது' என்று வந்திருந்தால் யாரும் மறுபடி ஊசி போடச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கே சிகிச்சைப் பேச்சு தொடங்கிவிடும். 'இருக்கிறது' என்பதை உடனே நம்புகிறவர்கள், 'இல்லை' என்பதை ஏன் நம்பத் தயங்குகிறார்கள்?

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் ஊசியின் நுனியில் இருக்கிறது. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த நுனி எப்படி மாறியது, அதனால் 'இல்லை' என்ற முடிவின் மதிப்பு எவ்வளவு கூடியது என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

முதுகெலும்புக்கு முன்னால், இரைப்பைக்குப் பின்னால்

கணையம் சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்பு. வயிற்றின் மேல்பகுதியில் குறுக்காகப் படுத்திருக்கிறது. அதன் தலை, முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தியிருக்கும். வால் இடப்பக்கம் மண்ணீரலை எட்டும். குடலுக்கும் கல்லீரலுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளங்கள் அதை ஒட்டியே ஓடுகின்றன. முன்பக்கம் இரைப்பையும் குடலும் மறைக்கின்றன. அவற்றுக்குள் வாயு இருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனின் ஒலி அலை வாயுவில் பட்டால் திரும்பிவிடும். வயிற்றின் மேல் ஜெல் தடவிப் பார்க்கும் ஸ்கேனில் பல சமயம் கணையம் சரியாகத் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சி.டி. ஸ்கேனில் கட்டி தெரியும். எந்த நாளத்தைச் சுற்றியிருக்கிறது, கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதெல்லாமும் தெரியும். ஆனால், அந்தக் கட்டி எந்த வகைச் செல்லால் ஆனது என்பதை எந்த ஸ்கேனும் உறுதியாகச் சொல்லாது. அதற்குத் திசு வேண்டும். பெதாலஜிஸ்ட் அதை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளே போகும் ஸ்கேன்

1980இல் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரு யோசனை செயலுக்கு வந்தது. ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் வைப்பதை விட்டுவிட்டு, எண்டோஸ்கோப்பின் நுனியிலேயே சிறிதாகப் பொருத்தி, வாய்வழியாக உள்ளே அனுப்பினால் என்ன? இரைப்பைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கணையம். இடையில் வாயு இல்லை; தூரம் சில மில்லிமீட்டர்தான். இந்த முறைக்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் என்று பெயர், மருத்துவமனையில் இ.யு.எஸ். என்பார்கள். இந்த நூலில் அதை 'உள்ளொலி ஸ்கேன்' என்று அழைப்போம்.

தொடக்கக் காலக் கருவிகளில் ஒரு சிக்கல் இருந்தது. அவை குழாயைச் சுற்றி வட்டமாகப் படம் காட்டின. அந்தப் படத்தில் ஊசி ஒரு புள்ளியாகத் தெரிந்து, அடுத்த கணம் காணாமல் போகும். ரத்தநாளங்களுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு ஊசி குத்த யார் துணிவார்? குழாயின் நீளவாக்கிலேயே படம் காட்டும் கருவி வந்த பிறகுதான் ஊசியை அடி முதல் நுனி வரை திரையில் பார்க்க முடிந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் வில்மனும் அவரது குழுவினரும் இந்தக் கருவியின் துணையோடு கணையக் கட்டியில் ஊசி செலுத்தித் திசு எடுத்ததை 1992இல் வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் நடக்கும் கணைய பயாப்சிக்கு அதுதான் முன்னோடி.

இன்றும் முறை பெரிதாக மாறவில்லை. நோயாளி இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பார். மயக்க மருந்து கொடுத்திருப்பார்கள். கட்டி திரையில் கருமையான திட்டாகத் தெரியும். நிறப் படத்தைப் போட்டு, ஊசி போகும் வழியில் ரத்தநாளம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வார்கள். குழாய்க்குள் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள ஊசி இருக்கும். அதன் நுனி இரைப்பைச் சுவரையோ முன்சிறுகுடல் சுவரையோ துளைத்துக் கட்டிக்குள் நுழையும். உள்ளே போனதும் ஊசியை முன்னும் பின்னுமாகப் பத்து, பதினைந்து தடவை ஆட்டுவார்கள். ஒரே கோட்டில் ஆட்டாமல், ஒவ்வொரு அசைவுக்கும் கோணத்தைச் சற்று மாற்றி விசிறிபோல் விரித்து ஆட்டுவார்கள். இந்த ஒரு சுற்றுக்கு 'பாஸ்' என்று பெயர். பிறகு ஊசியை வெளியே எடுத்து, அதற்குள் ஒரு மெல்லிய கம்பியை மெதுவாகச் செலுத்தி, சிக்கியிருப்பதைத் தள்ளுவார்கள். புழுபோல் நெளிந்து ஓர் இழை வெளியே வரும். பெரும்பகுதி சிவப்பு, அது உறைந்த ரத்தம். இடையிடையே வெளிர் நிறத்தில், வெண்மையும் மஞ்சளுமாகச் சிறு துண்டுகள் இருக்கும். எல்லோரும் காத்திருப்பது அந்த வெளிர் துண்டுகளுக்குத்தான்.

ஏழாயிரத்தில் ஒரு பங்கு

அந்தத் துண்டு எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டால்தான் டாக்டரின் தயக்கம் புரியும். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையான கட்டியின் கன அளவு சுமார் 14,000 கன மில்லிமீட்டர். ஊசிக்குள் இருக்கும் துளையின் விட்டம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதற்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குத் திசு நிரம்பினால்கூட, கிடைப்பது இரண்டு கன மில்லிமீட்டர்தான். அதாவது கட்டியில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. மூன்று பாஸ் போட்டாலும் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது.

அரிசி மண்டியில் குத்தூசியை மூட்டைக்குள் செருகி உருவினால் ஒரு பிடி அரிசி வரும். அதைப் பார்த்தே மூட்டைக்கு விலை பேசிவிடுவார்கள். மூட்டை முழுக்க ஒரே அரிசி என்பதால் அந்த ஒரு பிடி போதும். கணையப் புற்றுக் கட்டி அப்படிப்பட்டதல்ல. அதில் புற்றுசெல்கள் சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சுற்றி, காயம் ஆறிய தழும்பில் இருப்பது போன்ற கெட்டியான நார்த்திசு படர்ந்திருக்கும். சில கட்டிகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு பங்குகூட இந்த நார்தான். மற்ற உறுப்புகளின் புற்றுகளில் இந்த அளவுக்கு நாரைப் பார்ப்பது அரிது. கட்டியின் ஓரங்களில் அழற்சியால் வீங்கிய சாதாரணக் கணையத் திசு இருக்கும். நடுப்பகுதி சில சமயம் செத்த செல்களின் குவியலாக இருக்கும்.

ஆகவே, ஊசி கட்டிக்குள் போனதைத் திரையில் கண்ணால் பார்த்திருந்தாலும், துளைக்குள் சிக்கியது நாராக இருக்கலாம், ரத்தமாக இருக்கலாம், ஓரத்துத் திசுவாக இருக்கலாம். பெதாலஜிஸ்ட் தன் முன்னால் இருக்கும் ஸ்லைடைப் பார்த்து, 'இதில் புற்றுசெல் இல்லை' என்று எழுதுகிறார். அவர் எழுதியது முழு உண்மை. அந்த ஸ்லைடைப் பற்றிய உண்மை.

தடித்த ஊசி போட்டால் தீருமா?

ஊசியின் தடிமனைக் 'கேஜ்' என்ற அளவால் சொல்வார்கள். எண் கூடக் கூட ஊசி மெலியும். கணைய பயாப்சியில் பெரும்பாலும் புழங்கியவை மூன்று: 19 கேஜ், சுமார் 1.1 மில்லிமீட்டர் தடிமன். 22 கேஜ், சுமார் 0.7, 25 கேஜ், சுமார் 0.5.

தடித்த ஊசிதான் நிறையத் திசு எடுக்கும் என்று யாருக்கும் தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. கல்லீரலிலும் மார்பகத்திலும் திசு எடுக்க, விசைவில்லை விடுவித்தால் சட்டென்று வெட்டியெடுக்கும் ஒரு வகை ஊசி வெகு காலமாகப் பயன்பட்டுவந்தது. 2000களின் தொடக்கத்தில் அதையே 19 கேஜ் அளவில், உள்ளொலி ஸ்கேனுக்கு ஏற்றபடி செய்தார்கள். இரைப்பையிலிருந்து குத்தும்போது அது வேலை செய்தது. முன்சிறுகுடலுக்குள் போனதும் தகராறு. அங்கே குழாய் கடுமையாக வளைந்திருக்கும். விறைப்பான அந்த ஊசி வளைவைத் தாண்டி வெளியே வர மறுத்தது, வந்தாலும் விசை சரியாக விடுபடவில்லை. கணையப் புற்றுக் கட்டிகளில் பாதிக்கு மேல் தலைப்பகுதியில் வருகின்றன. தலைப்பகுதியை முன்சிறுகுடல் வழியாகத்தான் எட்ட வேண்டும். எங்கே அதிகம் தேவையோ அங்கேயே பயன்படாத ஊசி மெல்ல மெல்லப் புழக்கத்திலிருந்து ஒதுங்கியது.

தடித்த ஊசிக்கு இன்னொரு குறையும் உண்டு. அது ரத்தத்தை அதிகம் இழுக்கும். ரத்தத்தில் மூழ்கிய செல்களைப் படிப்பது கடினம். 22, 25 என்ற இரண்டு மெல்லிய உறிஞ்சு ஊசிகளையும் ஒப்பிட்டுப் பல ஆய்வுகள் நடந்தன. முடிவு ஏறக்குறையச் சமம். சிலவற்றில் 25 ஒரு படி முன்னால் நின்றது. தடிமன் பற்றிய விவாதத்தில் பல ஆண்டுகள் கழிந்தன. விடை வேறு இடத்தில் இருந்தது.

சாய்வு முனையும் வெட்டு முனையும்

மேலே சொன்ன 'உறிஞ்சு ஊசி' என்பது எஃப்.என்.ஏ. ஊசி. தடுப்பூசி போடும் ஊசியைப்போல் அதன் முனை ஒரே பக்கமாகச் சாய்வாகச் சீவப்பட்டிருக்கும். அது கட்டிக்குள் போய்வரும்போது செல்கள் உதிரும். வெளிமுனையில் பொருத்திய சிரிஞ்சை இழுத்து, உதிர்ந்த செல்களை உறிஞ்சுவார்கள். நார் நிறைந்த கட்டியில் இந்தச் சாய்வு முனை நாரைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டு முன்னேறுகிறது. துளைக்குள் எதுவும் நுழையாமலே ஊசி போய்த் திரும்பலாம். அப்படியே வந்தாலும் உதிரிச் செல்களாக வருமே தவிர, திசு துண்டாக வராது.

இந்தக் குறையை ஈடுகட்ட ஓர் ஏற்பாடு செய்தார்கள். செல்லியல் நிபுணர் ஒருவர் பயாப்சி அறைக்கே நுண்ணோக்கியோடு வந்து உட்காருவார். ஒவ்வொரு பாஸுக்கும் ஒரு ஸ்லைடைச் சாயம் ஏற்றிப் பார்த்து, "போதும்" அல்லது "இன்னொன்று எடுங்கள்" என்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால், அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பெரிய மருத்துவமனைகள் பலவற்றிலேயே அது தினசரி நடக்கிற காரியமல்ல.

2010களில் ஊசிமுனையையே மாற்றத் தொடங்கினார்கள். இவற்றை 'வெட்டு ஊசி' என்போம், மருத்துவர்கள் எஃப்.என்.பி. என்பார்கள். முதலில் வந்த வகையில், முனைக்குச் சற்றுப் பின்னால் ஊசியின் பக்கவாட்டில் ஒரு பள்ளமும், அதில் பின்னோக்கிய ஒரு வெட்டு விளிம்பும் இருந்தன. ஊசியைப் பின்னிழுக்கும்போது திசு சீவப்பட்டுப் பள்ளத்தில் விழும். துண்டு கிடைத்தது, ஆனால், நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கும் விகிதம் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை. பிறகு பள்ளத்தின் விளிம்பை முன்னோக்கித் திருப்பி 20 கேஜ் ஊசி ஒன்று வந்தது. அதை 25 கேஜ் உறிஞ்சு ஊசியோடு 13 மருத்துவமனைகளில் 608 பேரிடம் ஒப்பிட்டு, 2019இல் முடிவு வெளியிட்டார்கள். திசுவமைப்பைப் படிக்கும்படியான துண்டு வெட்டு ஊசியில் 77 சதவீதம் பேருக்குக் கிடைத்தது. உறிஞ்சு ஊசியில் 44 சதவீதம். நோயைச் சரியாகச் சொன்னது, வெட்டு ஊசியில் 87 சதவீதம், உறிஞ்சு ஊசியில் 78 சதவீதம்.

அதைவிடப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவை, வெட்டு விளிம்பை ஊசியின் கோடியிலேயே வைத்த இரண்டு வகைகள். ஒன்றில் முனையைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று கூர்கள் நிற்கும். இந்த வடிவம் புதிதல்ல. ஃபிரான்சீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1941லேயே இப்படியோர் ஊசியைப் பற்றி எழுதிவிட்டார்; இன்றும் அவர் பெயரால்தான் அது அழைக்கப்படுகிறது. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, நீளமான, வளையக்கூடிய எண்டோஸ்கோப் ஊசியில் அதைச் செய்துகாட்டினார்கள். இன்னொன்று கவட்டை முனை: எதிரெதிராக இரண்டு கூர்கள், ஒன்று மற்றதைவிட நீளம், உட்புறமாக ஆறு வெட்டு விளிம்புகள்.

இவற்றின் வேலை எளிது. கெட்டியான நாரில் முனை வழுக்கி ஒதுங்குவதில்லை. கூர்கள் முதலில் பற்றிக்கொள்கின்றன. இடையிலுள்ள விளிம்புகள் வட்டமாக வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டு நேராகத் துளைக்குள் போகிறது. புற்றுசெல்லும் அதைச் சுற்றிய நாரும் இருந்தது இருந்தபடியே சேர்ந்து வருகின்றன. வெட்டு ஊசிகளில் நான்கு வகை முனைகளை அமெரிக்காவில் 129 நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2021இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டும்தான் அதிகச் செல்களைக் கொண்டுவந்தன. 2022இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 16 ஒப்பீட்டு ஆய்வுகளையும் 1,934 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தது. அதிலும் இந்த இரண்டின் 22 கேஜ் வடிவங்களே முன்னால் நின்றன. இரண்டுக்குள் எது மேல் என்று கேட்டால், சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்பதுதான் பதில். கையில் இருக்கும் ஊசியை நன்றாகப் பழகிய கை முக்கியம்.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது இன்னோர் ஆய்வு. எட்டு நாடுகளில், 14 மருத்துவமனைகளில், 800 பேரைச் சேர்த்து நடந்தது, 2021இல் வெளியானது. எல்லோருக்கும் வெட்டு ஊசிதான். பாதிப் பேருக்குச் செல்லியல் நிபுணர் அறையிலேயே இருந்து பார்த்தார். மீதிப் பேருக்கு இல்லை. சரியான முடிவு கிடைத்தது, நிபுணர் இருந்த குழுவில் 96.4 சதவீதம், இல்லாத குழுவில் 97.4 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே கொள்ள வேண்டும். அறைக்குள் நிபுணரை உட்காரவைக்க வசதியில்லாத மருத்துவமனையிலும், ஊசியின் நுனி சரியாக இருந்தால் கிட்டத்தட்ட அதே தரத்தில் நோயைக் கண்டறியலாம். வசதி குறைந்த ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

நூறு பேர் கணக்கு

இனி முதல் கேள்விக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சில முழு எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை எந்த ஆய்வின் எண்களும் அல்ல, விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

கணையத்தில் சந்தேகமான கட்டியோடு 100 பேர் வருகிறார்கள். அவர்களில் 80 பேருக்கு உண்மையிலேயே புற்று. 20 பேருக்கு வேறு ஏதோ. முதலில் ஓர் உறிஞ்சு ஊசி. புற்று உள்ள 100 பேரில் 85 பேரை அது கண்டுபிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் இருக்கும் 80 பேரில் 68 பேர் பிடிபடுவார்கள். 12 பேர் தப்பிவிடுவார்கள். புற்று இல்லாதவர்களைப் புற்று என்று இந்தச் சோதனை சொல்வது மிக அரிது. அதனால் அந்த 20 பேருக்கும் 'இல்லை' என்றே வரும்.

இப்போது 'இல்லை' என்று ரிப்போர்ட் வாங்கியவர்களை மட்டும் ஒரு பக்கம் நிறுத்துங்கள். உண்மையிலேயே இல்லாத 20 பேர், தப்பிய 12 பேர், ஆக 32 பேர். இந்த 32 பேரில் 12 பேருக்குப் புற்று இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! 85 சதவீதம் கண்டுபிடிக்கும் சோதனை என்று கேட்கும்போது நல்ல சோதனையாகத்தான் தோன்றுகிறது. ஆனால், அது சொல்லும் 'இல்லை'யைக் கையில் வைத்திருப்பவருக்குப் புற்று இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல். வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்கிறது என்பதால், தப்பியவர்கள் எண்ணிக்கை சின்னதாக இருந்தாலும் 'இல்லை' வரிசையில் அவர்கள் பெரும் பங்காகிவிடுகிறார்கள்.

அதே 100 பேருக்கு வெட்டு ஊசி போடுகிறோம். 100க்கு 95 பேரைப் பிடிக்கும் என்று வைப்போம். 80 பேரில் 76 பேர் பிடிபடுகிறார்கள். 4 பேர் தப்புகிறார்கள். 'இல்லை' வரிசையில் 24 பேர். அவர்களில் 4 பேருக்குப் புற்று, அதாவது ஆறில் ஒருவருக்கு. கண்டுபிடிக்கும் திறன் பத்துப் புள்ளிதான் உயர்ந்தது. ஏமாற்றும் 'இல்லை'கள் பன்னிரண்டிலிருந்து நான்காகக் குறைந்துவிட்டன.

ஆறில் ஒன்று என்பதும் சும்மா விட்டுவிடக்கூடிய எண் அல்ல. மறுபடி ஊசி போடச் சொல்லும் டாக்டரின் மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான். ஸ்கேன் படமும் மஞ்சள் காமாலையும் எடை இழப்பும் ஒரு பக்கம் இழுக்கின்றன. ரிப்போர்ட் மறுபக்கம் நிற்கிறது. ரிப்போர்ட்டின் எடை எவ்வளவு என்று அவருக்குத் தெரியும்.

இன்னொரு நுணுக்கமும் இங்கே உண்டு. தப்பிய 12 பேருக்கும் அதே உறிஞ்சு ஊசியை மறுபடி போட்டால், மறுபடியும் 100க்கு 85 கணக்கில் பத்துப் பேர் பிடிபடுவார்கள் என்று காகிதக் கணக்கு சொல்லும். நடப்பில் அவ்வளவு பேர் பிடிபட மாட்டார்கள். முதல் முறை தப்பியது பெரும்பாலும் வெறும் துரதிர்ஷ்டத்தால் அல்ல. அந்தக் கட்டி நார் மிகுந்ததாகவோ, எட்டாத மூலையிலோ, நாள்பட்ட கணைய அழற்சிக்கு நடுவிலோ இருந்திருக்கும். அதே காரணம் இரண்டாம் முறையும் குறுக்கே நிற்கும். எனவே, இரண்டாம் முறை போகும்போது எதையாவது மாற்ற வேண்டும்: ஊசியின் வகையை, குத்தும் இடத்தை, கோணத்தை, சில சமயம் ஊசி பிடிக்கும் கையையும்.

எந்தக் கட்டி என்பதே கேள்வி

மீதமுள்ள அந்த 20 பேருக்கும் ஊசி செய்யும் உதவி சின்னதல்ல. கணையத்தில் வருகிற எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தைத் தாக்குவதால் வரும் ஒரு வீக்கம் உண்டு. ஸ்கேனில் அச்சாகப் புற்றைப்போலவே தெரியும். ஸ்டீராய்டு மாத்திரைக்கே அது கரைந்துவிடும். புற்று என்று நினைத்துக் கணையத்தின் தலையை வெட்டியெடுத்த பிறகு, அது இந்த வீக்கம்தான் என்று தெரியவந்த நிகழ்வுகள் உண்டு. அந்த நோயை உதிரிச் செல்களில் அடையாளம் காண முடியாது. நார் சுழல்சுழலாக ஓடும் விதத்தையும், அடைபட்ட சிறு நாளங்களையும் துண்டோடு பார்த்தால்தான் தெரியும். அதற்கு வெட்டு ஊசி வேண்டும்.

2003 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஸ்கேனில் கணையக் கட்டி தெரிந்தது. குணப்படுத்த முடியாத வகையாகத்தான் இருக்கும், மூன்று முதல் ஆறு மாதம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே குழாய் விட்டு, கட்டியிலிருந்து ஊசியால் செல்கள் எடுத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவர்கள் கண் கலங்கினார்களாம்: அது அறுவை சிகிச்சைக்குக் கட்டுப்படக்கூடிய, அரிதான, மெதுவாக வளரும் நாளமில்லாச் சுரப்பி வகைக் கட்டி. 2005இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் அவரே இதைச் சொன்னார். பிற்பாடு நோய் பரவி 2011இல் அவர் மறைந்தார் என்றாலும், காலையில் மாதக் கணக்கில் சொன்ன ஆயுள் எட்டு ஆண்டுகளாக நீண்டது. ஒரே உறுப்பில், ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகளுக்கு இவ்வளவு தூரம்.

இப்போது இன்னொரு தேவையும் சேர்ந்திருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் பரம்பரைக் கோளாறு உள்ள கணையப் புற்று நோயாளிகள் சிலருக்கு ஓலாபரிப் என்ற மாத்திரை, கீமோதெரபிக்குப் பிறகு நோயைக் கட்டுப்படுத்தி வைக்கும் காலத்தை நீட்டுகிறது என்று 2019இல் வந்த ஆய்வு காட்டியது. பரம்பரைக் கோளாறு ரத்தத்திலேயே தெரிந்துவிடும். கட்டிக்குள் மட்டும் நடந்திருக்கும் மாற்றங்களைப் படிக்கக் கட்டியின் திசு வேண்டும். அதுவும் கணிசமாக வேண்டும்.

ஊசி பட்டால் பரவிவிடுமா?

இந்தப் பயத்தால் பயாப்சியை மறுத்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பயத்தில் துளி உண்மை இருக்கிறது. ஊசி போன தடத்தில் புற்றுசெல் ஒட்டி வளர்ந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எவ்வளவு அடிக்கடி? ஜப்பான் முழுவதும் திரட்டி 2022இல் வெளியான கணக்கின்படி, ஆயிரம் பேருக்கு மூன்று, நான்கு என்ற அளவில். அவையும் பெரும்பாலும் இரைப்பை வழியாகக் குத்திய கட்டிகள். தலைப்பகுதிக் கட்டி என்றால் ஊசி போன முன்சிறுகுடல் பகுதியும் அறுவை சிகிச்சையில் சேர்ந்தே அகற்றப்பட்டுவிடும். ரத்தக்கசிவு, கணைய அழற்சி போன்ற தொல்லைகள் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம்; பெரும்பாலும் அவை மருந்திலேயே அடங்கும்.

ஊசியே தேவைப்படாத நிலையும் ஒன்று உண்டு. ஸ்கேனில் எல்லா அடையாளமும் புற்றையே காட்டி, கட்டியை முழுமையாக அகற்றிவிடலாம் என்ற நிலையும் இருந்தால், பயாப்சிக்குக் காத்திராமல் நேராக அறுவை சிகிச்சைக்குப் போகலாம். 'இல்லை' என்று வந்தாலும் முடிவு மாறப்போவதில்லை என்றால் ஊசி எதற்கு? அறுவைக்கு முன் கீமோதெரபி கொடுப்பதாக இருந்தாலோ, அறுவைக்கு வாய்ப்பில்லாத நிலை என்றாலோ, திசு முடிவு கட்டாயம் வேண்டும்.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போது

கணைய பயாப்சி ரிப்போர்ட் உங்கள் வீட்டுக்கு வந்தால் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மூடாதீர்கள். 'போதிய திசு இல்லை' என்று வந்திருந்தால் அந்தச் சோதனை எதையும் சொல்லவில்லை என்று பொருள். அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போதிய திசு கிடைத்து, புற்று இல்லாத இன்ன நோய் என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால் அது உண்மையான விடை. 'புற்றுசெல் காணப்படவில்லை' என்று மட்டும் இருந்து, வேறு நோயின் பெயரும் இல்லை என்றால், அது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எந்த வகை ஊசி போட்டீர்கள், எத்தனை பாஸ், வெளிர் துண்டு கண்ணுக்குத் தெரிந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல மருத்துவர் விளக்கமாகவே சொல்வார். ஸ்லைடுகளையும் திசு பதித்த மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கி, இன்னொரு பெதாலஜிஸ்டிடம் காட்டவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மறுபடி ஊசி வேண்டும் என்று அவர் சொன்னால், 'முதல் ரிப்போர்ட்தான் நல்லபடியாக வந்துவிட்டதே' என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள். கணையப் புற்றில் அறுவை சிகிச்சைக்கான வாய்ப்பு நீண்ட நாள் திறந்திருப்பதில்லை. அடுத்த வாரத்திலேயே தேதி கேளுங்கள்.